பொதுவில் சொன்னதை அரசு கோப்பாக்கலாமா? சமூக ஊடகத் தொடர்பு மைய வழக்கு, 2018

2018 ஏப்ரலில் பெசில் என்ற பொதுத்துறை நிறுவனம் ஒரு டெண்டர் விட்டது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கான பொறியியல் வேலைகள்தான் அதன் வழக்கமான தொழில். இந்த முறை அமைச்சகத்துக்காக அது கேட்டது ஒரு மென்பொருளும், அதை இயக்க ஆட்களும். திட்டத்துக்கு 'சோஷியல் மீடியா கம்யூனிகேஷன் ஹப்' என்று பெயர். தமிழில் சமூக ஊடகத் தொடர்பு மையம் எனலாம். நான்கு மாதம்கூட முடியவில்லை. ஆகஸ்ட் 3 அன்று உச்ச நீதிமன்றத்தில், திட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அரசே சொல்லிவிட்டது. வழக்கு அத்தோடு முடிந்தது. தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.

அந்தத் தீர்ப்பு வராமல் போனதால்தான் இந்த வழக்கை இன்றும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தன் பெயரில், எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் எழுதியவற்றை அரசு தேடித் திரட்டி, ஆள்வாரியாகப் பிரித்து, காலவரையின்றி வைத்துக்கொள்ளலாமா? அதற்கு ஏதாவது சட்டம் வேண்டுமா, வேண்டாமா? 2018இல் இந்தக் கேள்வி நீதிமன்றத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போனது. ஐந்து ஆண்டு கழித்து நாடாளுமன்றம் அதற்கு ஒரு பதில் சொன்னது. அது குடிமக்களுக்குச் சாதகமான பதில் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

டெண்டரில் இருந்தவை

ஆவணத்தைப் படித்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது அதன் பரப்பு. ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், வலைப்பதிவுகள், செய்தித் தளங்கள், விவாதக் களங்கள் எல்லாவற்றையும் மென்பொருள் கவனிக்க வேண்டும். மின்னஞ்சலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆங்கிலம், இந்தியோடு தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளம் போன்ற இந்திய மொழிகளிலும், சில வெளிநாட்டு மொழிகளிலும் அது வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொனியையும் அது பிரித்துச் சொல்ல வேண்டும். நாடு முழுக்க 716 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு ஒருவர் என ஒப்பந்த அடிப்படையில் ஊடகப் பணியாளர்கள் இருப்பார்கள். உள்ளூர்ச் செய்திகளையும் பேச்சையும் மையத்துக்குத் தெரிவிப்பது அவர்கள் வேலை.

இதுவரைக்கும் ஒரு பெரிய விளம்பரக் கம்பெனி கேட்கக்கூடியதுதான். அதற்கு மேலே போன வரிகள்தான் பிரச்சினை ஆயின. இணையத்தில் சலசலப்பை உண்டாக்குபவர்கள் யார் என்று கண்டறிந்து, அவர்களைப் பற்றி '360 டிகிரி பார்வை' தர வேண்டும் என்றது டெண்டர். உலகப் பத்திரிகைகளிலும் சேனல்களிலும் என்ன தலைப்புச் செய்தி வரும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்றது. மக்களின் எண்ணத்தை நாட்டுக்குச் சாதகமாக எப்படி வடிவமைப்பது, தேசிய உணர்வை மக்களிடம் எப்படி ஊட்டுவது, எதிரி நாடுகளின் ஊடகத் தாக்குதலை எப்படிக் கணித்து முறியடிப்பது என்பவற்றுக்கும் மென்பொருள் விடை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது.

ஒரே டெண்டருக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் இருந்தன. ஒரு திட்டத்தைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று கேட்பது முதல் வேலை. அதைப் பேசுகிற ஆள் யார், அவர் வேறு என்னவெல்லாம் பேசியிருக்கிறார் என்று தொகுப்பது இரண்டாவது. கேட்டதை வைத்து மக்களின் எண்ணத்தை மாற்றுவது மூன்றாவது. முதலாவதைச் செய்ய எந்த அரசுக்கும் உரிமை உண்டு. செய்யாவிட்டால்தான் குறை சொல்ல வேண்டும். இரண்டாவது, எந்தப் பெயரில் செய்தாலும், உளவுத் துறை செய்கிற வேலை. மூன்றாவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கட்டி, 'தொடர்பு' என்ற தலைப்பின் கீழ், செய்தி ஒலிபரப்பைக் கவனிக்கிற அமைச்சகத்திடம் கொடுத்ததுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. உளவு நிறுவனங்களுக்கு இருக்கிற சொற்பமான கட்டுப்பாடுகள்கூட அந்த அமைச்சகத்துக்குக் கிடையாது.

நீதிமன்றத்தில் நடந்தது

இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு முதலில் அமைச்சகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் மேற்கு வங்கத்தில் அப்போது திரிணமூல் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்த மஹுவா மொய்த்ரா உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். ஜூன் மாத விடுமுறைக் கால அமர்வு அதை அவசரமாக விசாரிக்க மறுத்தது.

ஜூலை 13 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், டி.ஒய். சந்திரசூட் அடங்கிய அமர்வுக்கு மனு வந்தது. அரசுக்கு நோட்டீஸ் போனது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபாலின் உதவியையும் நீதிமன்றம் கேட்டது. இது ஒரு கண்காணிப்பு அரசை உருவாக்குவது போல் ஆகிவிடும் என்று நீதிபதி சந்திரசூட் அன்று சொன்னது மறுநாள் பத்திரிகைகளில் தலைப்பாக வந்தது. டெண்டர் ஆகஸ்ட் 20 அன்று திறக்கப்பட இருந்ததால், வழக்கு அதற்கு முன்பாகவே ஆகஸ்ட் 3க்கு வைக்கப்பட்டது.

அன்று அட்டர்னி ஜெனரல் எழுந்து, அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது, முழுத் திட்டமும் மறுபரிசீலனை செய்யப்படும் என்றார். நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டு மனுவை முடித்துவைத்தது.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் பலர். வெற்றிதான், மறுக்கவில்லை. மனு வெறும் சந்தேகத்தின் மேல் நிற்கவில்லை, அரசின் சொந்த ஆவணத்தின் மேல் நின்றது. அதனால் அரசால் எதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் சட்டத்தில் 'வாபஸ்' என்பதற்கு எந்த எடையும் இல்லை. அடுத்த வழக்கில் மேற்கோள் காட்ட ஒரு வரிகூடக் கிடைக்காது. நீதிபதி வாய்மொழியாகச் சொன்னது முன்னுதாரணம் ஆகாது. அதே ஆண்டிலேயே ஆதார் ஆணையமும் இணையத்தில் ஆதார் பற்றிய பேச்சைக் கவனிக்கத் தனியார் நிறுவனம் தேடி டெண்டர் விட்டது. அதே மனுதாரர் அதே நீதிமன்றத்துக்கு முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது.

'அது பொதுவில்தானே இருக்கிறது?'

சரி, ஒருவேளை அரசு வாபஸ் வாங்காமல் வாதாடியிருந்தால்? அதன் முதல் வாதம் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எழுதியவரே எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். யாருடைய பூட்டையும் நாங்கள் உடைக்கவில்லை. சோப்புக் கம்பெனிகூடச் செய்கிறது. அரசு படித்தால் மட்டும் என்ன குற்றம்? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிற வாதம் இது. இதற்குப் பதில் சொல்லாமல் 'கண்காணிப்பு, கண்காணிப்பு' என்று கூவுவதில் பயனில்லை.

பதிலுக்கு இந்தியச் சட்டத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இணையம் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி கரக் சிங் வழக்கில் வந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். இருந்தும் காவல்துறை அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்தது. நம் ஊரில் ஹிஸ்டரி ஷீட் என்று சொல்கிறோமே, அதேதான். மாநிலக் காவல் விதிகளில் 236ஆவது விதி என்னென்ன அனுமதித்தது என்று பாருங்கள்: வீட்டை ரகசியமாகக் காவல் காப்பது, இரவில் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது, பழக்கவழக்கங்களையும் தொடர்புகளையும் வருமானத்தையும் அவ்வப்போது விசாரிப்பது, எங்கே போகிறார் வருகிறார் என்று குறிப்பது, இவை எல்லாவற்றையும் பதிவேட்டில் சேர்ப்பது. இரவில் காவலர்கள் கதவைத் தட்டி எழுப்பினார்கள் என்பது அவர் புகார்.

1962இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர் இரவு நேர வீட்டுச் சோதனையை மட்டும் ரத்து செய்தார்கள். மற்றவை செல்லும் என்றார்கள். தெருவில் நடக்கிறவரைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதால் அவர் நடப்பது தடைபடவில்லையே என்பது அவர்களின் தர்க்கம். நீதிபதி சுப்பா ராவ் ஏற்கவில்லை. நீதிபதி ஷா அவரோடு சேர்ந்துகொண்டார். போலீஸ்காரரின் கண் விடாமல் துளைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் எப்படிச் சுதந்திரமாக நடமாட முடியும், அப்படிப்பட்டவருக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்று சுப்பா ராவ் எழுதினார். அவர் எழுதியது 55 ஆண்டு சிறுபான்மைத் தீர்ப்பாகவே கிடந்தது. 236ஆவது விதியின் உட்பிரிவுகளையும் 2018 டெண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒற்றுமை கண்ணில் அறையும். பழக்கவழக்கம், தொடர்புகள், நடமாட்டம், பதிவேடு. வித்தியாசம் ஒன்றுதான். அன்று பெயர் சொல்லி ஒரு ஆளைப் பார்க்க ஒரு காவலர் தேவைப்பட்டார். இப்போது எல்லோரையும் பார்த்துவிட்டு, அப்புறம் யார் மேல் கவனம் வைப்பது என்று முடிவு செய்யலாம்.

இடையில் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு வழக்கும் இங்கே முக்கியம். தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் முனைந்தபோது சிறை நிர்வாகம் எதிர்ப்புக் காட்டியது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று அது உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, தனிமனிதர் தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமையை ஏற்றது. கூடவே, பொது ஆவணங்களில் இருக்கும் விஷயத்தை யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம் என்றும் சொன்னது. பொதுவில் வந்துவிட்டால் அந்தரங்கம் இல்லை என்று வாதாடுபவர்கள் அடிக்கடி பிடித்துக்கொள்வது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

அது தவறான பிடி. ராஜகோபால் தீர்ப்பு பத்திரிகைக்குத் தந்த பாதுகாப்பு அது. அரசு அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்பதற்காக, அரசுக்கு எதிராகக் குடிமக்கள் கையில் கொடுக்கப்பட்ட உரிமை. அதைத் திருப்பி, குடிமக்களைப் பற்றிக் கோப்பு திறக்க அரசுக்குக் கிடைத்த அனுமதியாக வாசிக்க முடியாது. இந்தப் பேதத்தை நம் விவாதங்களில் யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கனரா வங்கி வழக்கில், 2004இல், ஒருவர் தன் விவரத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டார் என்பதற்காக அதில் அவருக்கிருந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு வந்தது 2017 ஆகஸ்ட் 24.

அன்று வந்த புட்டசாமி தீர்ப்பை எல்லோருக்கும் தெரியும். ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். கரக் சிங் தீர்ப்பில் அந்த உரிமையை மறுத்த பகுதியை நீக்கினார்கள். சுப்பா ராவ் சொன்னதே சரி என்று ஆயிற்று. நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுகிற இரண்டு இடங்கள் அதில் உண்டு. பொது இடத்தில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது என்பது ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் தகவல்கள் ஒன்று சேரும்போது ஒருவரின் உணவு, மொழி, உடல்நலம், நட்பு, அரசியல் சார்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது மற்றொன்று.

டீக்கடையில் நாம் பேசுவது பக்கத்து பெஞ்சுக்காரர் காதில் விழும். அதை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து, நாம் பேசுவதை எல்லாம் தேதி போட்டு எழுதி, நாம் வேறு கடைகளில் பேசியதோடு சேர்த்து ஒரு கட்டாக வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், நாளையிலிருந்து பேச்சு மாறிவிடும். கேட்ட சொற்கள் அதே சொற்கள்தான். எழுதிச் சேர்த்தது வேறு செயல். சட்டம் கட்டுப்படுத்த வேண்டியது அந்தச் செயலை.

புட்டசாமி அளவுகோலில் நிறுத்தினால்

புட்டசாமி தீர்ப்பின்படி, அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. துஷ்பிரயோகத்தைத் தடுக்க நடைமுறைக் காப்புகளும் வேண்டும் என்று அந்த அமர்வில் இருந்த நீதிபதி கௌல் சேர்த்தார்.

தொடர்பு மையம் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. அதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய ஒரு பிரிவின் கீழ் அது பிறக்கவில்லை. ஒரு கொள்முதல் ஆவணமாகப் பிறந்தது. அடுத்து நோக்கம். திட்டங்கள் மக்களைச் சேர்கின்றனவா என்று அறிவது நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தில் ரேஷன் அரிசி பற்றிய குறை அதிகமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, குறை சொன்னவரின் பெயரும் அவருடைய மற்றப் பதிவுகளும் எதற்கு? பெயர்களை நீக்கிவிட்டு, மாவட்டம், தலைப்பு, எண்ணிக்கை என்று மட்டும் எடுத்தாலே போதும். குறைவாகத் தலையிட்டு அதே பலனைப் பெற வழி இருக்கும்போது அதிகமாகத் தலையிடுவது மூன்றாவது படியில் தோற்கும்.

இங்கே அரசுத் தரப்புக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மக்கள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டு உதவி கேட்டார்கள். தன்னார்வலர்கள் அவற்றைத் தொகுத்துப் படகும் உணவும் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அரசு அந்தப் பதிவுகளைப் படிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அது கிறுக்குத்தனம். கலவரத்தைத் தூண்டும் வதந்தியைக் காவல்துறை கவனிப்பதும் அப்படித்தான். நான் சொல்வது, பொதுவில் இருப்பதை அரசு பார்க்கவே கூடாது என்று அல்ல. ஒரு சம்பவத்துக்காக, ஒரு காலத்துக்கு, ஒரு காரணத்தோடு பார்ப்பதையும், சம்பவமே இல்லாமல் ஆட்களைத் தொகுப்பதையும் சட்டம் வேறுபடுத்த வேண்டும் என்பதுதான்.

வெளிநாடுகளில் இதே முடிச்சு

அமெரிக்காவில் இது 1970இலேயே வெடித்தது. ராணுவ உளவுப் பிரிவு உள்நாட்டு அரசியல் செயல்பாட்டாளர்களைப் பற்றித் தகவல் திரட்டி வைத்திருக்கிறது என்று அதில் பணியாற்றிய கிறிஸ்டோபர் பைல் வெளிப்படுத்தினார். திரட்டியதில் பெரும்பங்கு பத்திரிகைச் செய்திகளிலிருந்தும் பொதுக்கூட்டங்களிலிருந்தும் எடுத்தது. லேர்ட் எதிர் டேட்டம் வழக்கில் 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், தங்கள் பேச்சு ஒடுங்குகிறது என்ற அச்சம் மட்டும் வழக்கு தொடரப் போதாது என்று மனுதாரர்களை அனுப்பிவிட்டது. ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. 1974இல் வந்த அந்தரங்கச் சட்டத்தில், ஒருவர் தன் பேச்சுரிமையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பற்றி மத்திய அரசு நிறுவனங்கள் பதிவு வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒரு பிரிவையே சேர்த்தது. சட்டம் அனுமதித்தாலோ, அந்த ஆளே சம்மதித்தாலோ, முறையான காவல் நடவடிக்கைக்குள் வந்தாலோ விலக்கு உண்டு. விலக்குகள் பெரியவைதான்; இருந்தாலும் அடிப்படை விதி 'வைக்கக் கூடாது' என்று தொடங்குகிறது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. ருமேனியாவின் உளவுத் துறை பழைய கோப்பு ஒன்றை வைத்திருந்ததைப் பற்றிய ரோட்டாரு வழக்கில், 2000ஆம் ஆண்டு, பொதுவில் உள்ள தகவலும் அரசால் முறையாகத் திரட்டிக் கோப்பில் வைக்கப்படும்போது தனிவாழ்க்கைக்குள் அடங்கும் என்றது. 2019இல் காட் எதிர் பிரிட்டன் வழக்கு. அமைதி இயக்கத்தில் வாழ்நாள் முழுக்க இருந்த ஒரு முதியவர். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர். தீர்ப்பு வந்தபோது வயது 94. அவர் கலந்துகொண்ட பொது ஆர்ப்பாட்டங்களைப் பற்றிய குறிப்புகளைக் காவல்துறை தீவிரவாதத் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. அவர் எல்லோரும் பார்க்கத் தெருவில்தான் நின்றார். அப்படியிருந்தும் அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து வைத்திருந்தது உரிமை மீறல் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பிரிட்டனில் காவல்துறைக்கான 2018ஆம் ஆண்டு நடைமுறைக் கையேடு, ஒருவரின் திறந்த சமூக ஊடகப் பக்கத்தை ரகசியமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கு முறையான அனுமதி தேவைப்படலாம் என்று சொல்கிறது. இங்கே அப்படி ஒரு வரி எந்தக் கையேட்டில் இருந்தாலும் அது பெரிய முன்னேற்றம்.

2023இல் வந்த பதில்

தொடர்பு மையம் வாபஸ் ஆவதற்கு ஒரு வாரம் முன்பு, 2018 ஜூலை 27 அன்று, நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு தரவுப் பாதுகாப்பு வரைவுச் சட்டத்தை அரசிடம் கொடுத்தது. அந்த வரைவில், நாட்டின் பாதுகாப்புக்காகத் தரவைக் கையாள்வதற்கும் நாடாளுமன்றச் சட்டமும், அதன்படியான நடைமுறையும், தேவையும் அளவும் வேண்டும் என்று இருந்தது. புட்டசாமி அளவுகோலை அப்படியே எடுத்து எழுதியது போன்ற பிரிவு. பொதுவில் உள்ள தரவும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. எந்த நிலையில் அதைக் கையாளலாம் என்று வரையறுக்க இடம் விட்டிருந்தது.

2019 மசோதாவில் பாதுகாப்பு விலக்கு தளர்ந்தது: மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டு எந்த நிறுவனத்துக்கும் விலக்கு தரலாம் என்றானது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவே இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 2022இல் அந்த மசோதாவும் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. மூன்றாவது பிரிவு, ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. உதாரணமாக, தன் கருத்துகளை எழுதும்போது சமூக ஊடகத்தில் தன் விவரத்தைப் பொதுவில் வைத்த ஒருவரைச் சட்டமே காட்டுகிறது. 17ஆவது பிரிவு, இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு தருகிறது. தேவை, அளவு என்ற சொற்கள் அங்கே இல்லை.

முதல் கதவை மட்டும் எடுத்துக்கொண்டால், அதற்குள்ளும் வாதாட இடம் இருக்கிறது. நான் எழுதிய பதிவு நான் வெளியிட்டது. என் நண்பர் போட்ட குழுப் புகைப்படத்தில் நான் நிற்பது நான் வெளியிட்டதல்ல. என் நூறு பதிவுகளைக் கூட்டி, 'இவர் அரசுக்கு எதிரானவர்' என்று மென்பொருள் ஒட்டும் சீட்டு நிச்சயமாக நான் வெளியிட்டதல்ல; அது அரசு உருவாக்கிய புதிய தரவு. 360 டிகிரி கோப்பில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். ஆகவே பொதுத் தரவு விலக்கு அந்தக் கோப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வழக்கறிஞர் வலுவாக வாதாடலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை: ஒருவர் தானே பகிரங்கப்படுத்திய விவரமாக இருந்தாலும், அதைக் கையாளச் சட்டப்படியான காரணம் ஒன்று வேண்டும்.

ஆனால் முதல் கதவில் வென்றாலும் இரண்டாவது கதவு திறந்தே இருக்கும். அறிவிக்கப்பட்ட அமைப்பு என்றால் சட்டம் முழுவதும் விலகிக்கொள்கிறது. மிஞ்சுவது அரசியல் சாசனம் மட்டும்.

இதைத் தொலைபேசி ஒட்டுக்கேட்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டும், காலவரம்பு வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். இவை ஏட்டளவில் நிற்கின்றன என்று குறை சொல்வோர் உண்டு. ஆனாலும் ஏட்டில் இருப்பதால்தான் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011இல் உள்துறை அமைச்சகம் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்ய முடிந்தது. பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை, குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ரகசியமாகக் கேட்கத் தந்திச் சட்டம் இடம் தரவில்லை என்றார்; பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்கே போகவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். ஒரு போன் பேச்சைக் கேட்க இவ்வளவு வேண்டியிருக்கிறது. ஒருவரின் பத்தாண்டுப் பொதுப் பதிவுகளைத் தொகுத்து அவர் மனதையே வரைந்து வைக்க எந்தக் கையெழுத்தும் வேண்டாம் என்பது இன்றைய நிலை. இரண்டாவது முதலாவதைவிட அதிகம் சொல்லிவிடும் என்பதுதான் கவலை.

சட்டம் செய்ய வேண்டியது மலை போன்ற வேலை இல்லை. பெயரோடு ஆளைத் தொகுப்பதற்கு எழுத்துப்பூர்வமான, காரணம் சொல்லும் அனுமதி. அந்த அனுமதிக்குக் காலவரம்பு. அரசியல் கருத்து, மதம், சாதி அடிப்படையில் தரம் பிரிக்கத் தடை. தனியார் மென்பொருள் நிறுவனம் தொகுப்பின் பிரதியை வைத்துக்கொள்ளத் தடை. கோப்பு அழிக்கப்பட்டதா என்று பார்க்க நிர்வாகத்துக்கு வெளியே ஓர் அதிகாரி. நீதித் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. பியுசிஎல் மறுஆய்வுக் குழுவில் அரசுச் செயலர்களே உட்கார்ந்து அரசின் உத்தரவைப் பார்க்கிற முறையை இங்கேயும் கொண்டுவரக் கூடாது.

இப்போதைக்கு வழக்கறிஞர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் 2018 வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. தொடர்பு மையத்தைத் தடுக்க முடிந்தது, அது டெண்டர் நிலையிலேயே பிடிபட்டதால். மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு எந்தக் குடிமகனும் 'என் பெயரில் கோப்பு இருக்கிறது' என்று நிரூபிக்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியும் குறுகிவிட்டது: தனிநபர் தகவல் என்றால், பொதுநலனை எடைபோட்டுப் பார்க்கும் வாசகம் இல்லாமலே மறுக்கும்படி, அதன் 8(1)(ஜே) பிரிவை இதே 2023 சட்டம் திருத்தியிருக்கிறது. ஆகவே மத்திய, மாநில அரசுத் துறைகளும் காவல்துறைகளும் வெளியிடும் கொள்முதல் அறிவிப்புகளைப் படிப்பதுதான் இப்போது கையில் இருக்கிற வழி. அவற்றில் தேட வேண்டியவை: தேடல் தலைப்பின்படியா, ஆள் பெயரின்படியா, பதிவுகள் எத்தனை நாள் சேமிக்கப்படும், தொனிப் பகுப்பு தனிநபர் அளவில் கேட்கப்படுகிறதா, எந்தச் சட்டப்பிரிவின் கீழ் என்று எங்காவது எழுதியிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், ஏலம் திறக்கும் தேதிக்கு முன்பாக மனு தயாராக இருக்க வேண்டும்.